“நேத்தே அனுப்பினேம்லா சார்”: இதுல மரியாதைக் குறைவு எங்க இருக்கு?

#1 வகுப்பு_ரெப்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாராகுது: ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப்பில் எப்படி எழுதுவது. “மரியாதையா எழுதுங்க”ன்னு ஒரு வரியில முடிச்சிடலாம். அதை வச்சு யாரும் எதையும் கத்துக்க முடியாது. எந்தச் சொல், எந்த விகுதி, எத்தனை வரி, எத்தனை மணி வரைக்கும்னு பிடிச்சுக் காட்டணும்.

மாதிரிக்கு நாலு மெசேஜ்:

அ) “ஹாய் சார்”. அப்புறம் 20 நிமிஷம் ஒண்ணும் இல்லை. அப்புறம் “சார்”. அப்புறம் “சார்?”

ஆ) “சார் இன்டர்னல் மார்க் ஏன் கம்மியா போட்டிருக்கீங்க”

இ) “நேத்தே அனுப்பினேம்லா சார்”

ஈ) “மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது யாதெனில் நாளைக்கு லீவு வேணும் ப்ளீஸ்”

‘இ’யில்தான் சண்டை. பாதிப் பேருக்கு அது வீட்டுப் பேச்சு, அதுல ஒண்ணுமில்லை. மீதிப் பேருக்கு அது எதிர்த்துப் பேச்சு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 வினைமுற்று

‘இ’யைத்தான் முதல்ல எடுக்கணும், மத்த மூணும் சுலபம்.

இந்த ‘லா’ என்பது ‘அல்லவா’ தேய்ஞ்சு வந்தது. நம்ம பக்கத்துல “இருக்குல்லா”, “தெரியும்லா”, “சொன்னேம்லா”ன்னு நாள் பூரா ஓடும். பேச்சில் அதுக்கு வேலை, ‘இது நமக்குள்ள தெரிஞ்ச சங்கதிதான்’னு கேக்குற ஆளையும் சேர்த்துக்கிறது. இழுத்துச் சொன்னா குழைவா இருக்கும். வெடுக்குன்னு சொன்னா குத்தும். எழுத்துல அந்த இழுப்பு போய்ச் சேராது. வாசிக்கிறவர் தனக்குத் தோணின குரலைப் போட்டு வாசிப்பார். 60 பேர் அசைன்மென்ட்டைத் திருத்திக்கிட்டு இருக்கிறவருக்கு எந்தக் குரல் தோணும்னு யோசிச்சுக்கோங்க.

ஆனா ‘லா’வே குற்றவாளி இல்லை. “நாளைக்கு மூணாவது ஹவர் நம்ம கிளாஸ்லா சார்?” இதுல ஒரு குறையும் கிடையாது, வெறும் உறுதி கேட்கிறது. கோளாறு வர்றது ஒரு சேர்க்கையில மட்டும்: நான் செஞ்சு முடிச்ச வேலை + இறந்தகாலம் + லா. “அனுப்பினேம்லா”, “சொன்னேம்லா”, “வச்சேம்லா”. இந்த மூணும் சேர்ந்ததும் ‘என் பக்கம் சரி, பார்க்காதது உங்க குத்தம்’னு அர்த்தம் திரும்பிடுது. அதோட “நேத்தே”ல இருக்கிற அந்த ‘ஏ’ வேற. அது கை நீட்டிப் பேசுற மாதிரி.

அதே சங்கதியை இப்படி வையுங்க:

“சார், அசைன்மென்ட்டை நேத்து சாயங்காலம் 6.10க்கு மெயில்ல அனுப்பியிருந்தேன். வந்திருக்கான்னு ஒருதடவை பார்க்கிறீங்களா? வரலைன்னா இப்பவே இங்கேயே அனுப்புறேன்.”

மூணு இடத்துல வேலை நடந்திருக்கு. “அனுப்பினேன்” போய் “அனுப்பியிருந்தேன்” வந்ததும் வேகம் குறைஞ்சது. ‘நேத்தே’ போய் 6.10 வந்ததும் தேடுறவருக்கு ஒரு புள்ளி கிடைச்சது. மூணாவது வாக்கியம் அவர் தேடலைன்னாலும் காரியம் நடக்க வழி பண்ணியிருக்கு. உண்மையான மரியாதை அந்த மூணாவது வாக்கியத்துலதான்.

#3 கடைசிபெஞ்சு

அப்போ திருநெல்வேலித் தமிழே மரியாதை தெரியாத தமிழ்னு சொல்லுதியளா? நெல்லைக்காரன் நெல்லைக்கார வாத்தியாருக்கு அனுப்புதான். நடுவுல சென்னைத் தமிழ் எதுக்கு?

#4 பொருநைக்கரை

அப்படி யாரும் சொல்லலை அண்ணாச்சி. மரியாதைக்கு நம்ம ஊர்ப் பேச்சில் தனி விகுதியே இருக்கு. “சார் வந்துட்டாவளா?”, “மேடம் என்ன சொன்னாவ?”, “எப்ப வாரிய?” ‘ஆவ’வும் ‘இய’வும் இல்லாம பெரியவங்களைப் பத்திப் பேசவே மாட்டோம்.

சிக்கல் எழுத்தில்தான். “எப்ப வாரிய சார்”னு திரையில் பார்த்தா, அம்பாசமுத்திரத்துக்காரர் சிரிச்சுக்குவார். ஈரோட்டுக்காரர் ‘வாரிய’ங்கிறதை ‘வாரியா’ன்னு எடுத்துக்கிட்டு, கடைசி எழுத்து விட்டுப்போன ஒருமைன்னு நினைப்பார். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் வந்ததில் இருந்து நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரின்னு நாலு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே குடைக்குக் கீழ. ஆசிரியர்களோ கொங்கு, தஞ்சாவூர், வடக்கன்னு எங்கிருந்தும் வாராவ. எல்லாருக்கும் ஒரே மாதிரி விளங்குற வடிவம் “வருவீங்களா”, “சொன்னாங்க” மட்டும்தான். வட்டார வழக்கு மட்டம்னு இதுக்கு அர்த்தம் இல்லை. மெசேஜ் யார் கண்ணுல படும்னு தெரியாது, ஹெச்ஓடிக்கு (துறைத் தலைவருக்கு) ஃபார்வர்டும் ஆகலாம். அதான்.

ஒரு வேடிக்கை: பணிவுமொழி ஆய்வுன்னாலே எடுத்துச் சொல்ற பெயர்கள் பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன். 1978இல் வந்து 1987இல் விரிவான அவங்க ஆய்வு மூணு மொழியை வச்சுக் கட்டினது: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால், அப்புறம் நம்ம தமிழ். அந்தத் தமிழ் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத்துத் தமிழ். வரிக்கு வரி ‘ங்க’ போடுற ஊர். ‘ஆவ’வுக்கும் ‘லா’வுக்கும் அங்க இடம் கிடைக்கலை.

அவங்க சொன்னதுல இந்தக் குறிப்புக்கு ஆகிற சங்கதி ஒண்ணு உண்டு. ஒரு பேச்சு எவ்வளவு கனம்னு மூணை வச்சுக் கூட்டுறாங்க: ரெண்டு பேருக்கும் இடையில எவ்வளவு தூரம், யார் கை ஓங்கியிருக்கு, கேட்கிற காரியம் எவ்வளவு பெருசு. மாணவர்–ஆசிரியர் விஷயத்துல முதல் ரெண்டும் பெரும்பாலும் மாறாது, மூணாவதுதான் மாறும். “நாளைக்கு கிளாஸ் எந்த ரூம் சார்?” இதுக்கு முன்னுரை வச்சா கேலியா இருக்கும். பரிந்துரைக் கடிதம் கேட்கிறதை அதே ஒத்தை வரியில கேட்டா அடாவடி. முதலாண்டுப் பிள்ளைகள் செய்ற தப்பு, ரெண்டுக்கும் ஒரே அளவு சர்க்கரை போடுறது.

#5 சுண்ணாம்புக்கட்டி

வாங்குற பக்கத்துல இருந்து பாருங்க. நாலு வகுப்பு, வகுப்புக்கு 60 பேர்னா 240 எண். ஒண்ணும் சேமிச்சிருக்காது. வர்ற மெசேஜுக்கு மேல ஒரு எண்ணும், பக்கத்துல பையன் தனக்கு வச்சுக்கிட்ட பெயரும் தெரியும். அந்தப் பெயர் பாதி நேரம் ‘கிங்’, ‘தனிமை’, ஒரு சிங்கப் படம். பூட்டின திரையில முதல் ஒண்ணு ரெண்டு வரிதான் தெரியும்.

அதனால வரிசை இது: கூப்பிடு, ஆள், வகுப்பு, சங்கதி, கேள்வி. முதல் ரெண்டு வரிக்குள்ள ஆளும் சங்கதியும் வந்துடணும்.

“வணக்கம் மேடம். மாரியம்மாள், 2ஆம் ஆண்டு பி.எஸ்சி. கணிதம், ‘பி’ பிரிவு, பதிவெண் கடைசி மூணு 047. வியாழன் அன்னைக்கு நடந்த ரெண்டாவது இன்டர்னல் தேர்வுக்குக் காய்ச்சலால் வரலை. மருந்துச் சீட்டு இருக்கு. மறுதேர்வுக்கு எழுதிக் கொடுக்கணும்னா யாரைப் பார்க்கணும் மேடம்?”

சரியா 30 வார்த்தை. 40ஐத் தாண்டினா நேர்ல பேசவேண்டிய விஷயம்னு எடுத்துக்கலாம். மருந்துச் சீட்டை கேட்காம அனுப்பவேண்டாம், ‘இருக்கு’ன்னு சொன்னா போதும்.

‘அ’ மாதிரி “ஹாய் சார்”னு போட்டுட்டுக் காத்திருக்கிறது, கதவைத் தட்டிட்டு ஓடி ஒளியற விளையாட்டு. பதிலுக்கு “சொல்லுப்பா”ன்னு ஒரு மெசேஜ் அடிக்கணும், அதுக்குப் பதில் வர அரை மணி. வணக்கமும் விஷயமும் ஒரே மெசேஜில் வரணும். நாலு வாக்கியத்தை நாலு மெசேஜா உடைச்சு அனுப்பினா ஃபோன் நாலு தடவை கிணுங்கும். துறைக் கூட்டத்துல உட்கார்ந்திருக்கிறவர் பையில இருந்து அது கிணுங்கினா அடுத்த நாள் முகம் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்லை.

ஃபைல் விஷயம். ரெக்கார்டு, அசைன்மென்ட் பக்கங்களை 14 ஃபோட்டோவா அனுப்பாதீங்க. ஃபோட்டோவா போனா வாட்ஸ்அப் சுருக்கிடும், பென்சில் கோடு தெரியாது, வரிசையும் குழம்பும். ஒரே பிடிஎஃப், ‘டாக்குமென்ட்’ வழியா. ஃபைலுக்குப் பேரு ‘ஃபைனல் ஃபைனல் 2’ன்னு இல்லாம, பதிவெண், பெயர், தாள். இது மரியாதையான்னா, ஆமா, “பணிவுடன்” எழுதுறதைவிட இதுதான் மரியாதை.

#6 ஜங்ஷன்பஸ்

“ப்ளீஸ்” போட்டா போதும்னு நினைக்கிறவங்களுக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்க.

#7 வினைமுற்று

சொல்லிடலாம். தமிழ்ல ‘ப்ளீஸ்’ வேலையை ஒரு தனிச் சொல் செய்றதில்லை. “தயவுசெய்து”ன்னு எழுதினா அறிவிப்புப் பலகை, “தயவுசெய்து படியில் நிற்காதீர்கள்”. “ப்ளீஸ்”னு எழுதினா கெஞ்சல். “ப்ளீஸ் சார் ப்ளீஸ்” என்றால் அழுகை. அந்த வேலையை “கொஞ்சம்” செய்யும், “ஒருதடவை” செய்யும், மிச்சத்தை வினைமுற்று செய்யும். (பெயருக்கு நியாயம் பண்ணணும்லா.)

ஒரே வேண்டுகோளை மேல ஏத்திப் பார்ப்போம்.

“நோட்ஸ் அனுப்புங்க சார்.” ‘ங்க’ இருக்கு, ‘சார்’ இருக்கு, இருந்தும் ஏவல்தான். வகுப்பில் அவரே அனுப்புறேன்னு சொல்லியிருந்தா இது போதும்.

“நோட்ஸ் அனுப்பிருங்க சார்.” நிறையப் பேர் இதை மெதுவானதுன்னு நினைக்கிறாங்க. இதுக்குள்ள ‘விடு’ ஒளிஞ்சிருக்கு: அனுப்பி-விடுங்கள். ‘முடிச்சிட்டு மறுவேலை பாருங்க’ங்கிற தொனி. கடைக்காரர்கிட்ட “ரெண்டு கிலோ அரிசி போட்டுருங்க”ன்னு சொல்ல நல்லா இருக்கும். கீழ இருந்து மேல போகும்போது இந்த ‘விடு’ கட்டளையாத்தான் ஒலிக்கும். முதல்ல களையவேண்டியது இதைத்தான்.

“நோட்ஸ் அனுப்ப முடியுமா சார்?” ஆங்கிலத்தைப் பார்த்து வந்தது. பரவலாயிடுச்சு, தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா ‘முடியுமா’வுக்கு அடியில ‘முடியுமா, முடியாதா’ நிக்குது. ரெண்டாவது தடவை நினைவூட்டும்போது இதைப் போட்டா சவால் மாதிரி இருக்கும்.

“நோட்ஸ் அனுப்புறீங்களா சார்?” அன்றாடத்துக்கு இதுதான் சரியான உயரம்.

“நோட்ஸை எப்போ வந்து வாங்கிக்கலாம் சார்?” இங்க வினை கை மாறிப்போச்சு. அனுப்புற வேலை அவருடையது, வாங்கிக்கிற வேலை என்னுடையது. பெரிய காரியம் எதுவா இருந்தாலும், வாக்கியத்தின் வினையை உங்க தலையில ஏத்திக்கிட்டா பாதி பாரம் இறங்கிடும்: கையெழுத்துப் போடுங்க → கையெழுத்து வாங்கிக்கலாமா, நேரம் ஒதுக்குங்க → வந்து பார்க்கலாமா, விளக்குங்க → கேட்டுத் தெரிஞ்சுக்கலாமா.

#8 பொருநைக்கரை

இதோட சேர்த்து ஒரு பழைய சங்கதி. தொல்காப்பியம் எச்சவியலில் இரப்புக்கு மூணு சொல் பிரிச்சுக் காட்டியிருக்கு: ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று, ‘தா’ ஒப்போன் கூற்று, ‘கொடு’ உயர்ந்தோன் கூற்று. அந்தக் கணக்குப்படி “ஹால் டிக்கெட் கொடுங்க சார்”னு கேட்கிற பையன் தன்னை ஆசிரியருக்கு மேல உட்கார வச்சுட்டான்!

இன்னைக்கு அந்த அடுக்கு இல்லை, ‘ஈ’ பேச்சிலேயே இல்லை. ஆனா “எனக்குத் தாங்க, அவனுக்குக் கொடுங்க”ங்கிற பிரிவினை தெற்கத்திப் பேச்சில் இன்னும் உயிரோட இருக்கு. நம்ம ஊர்க் காதுக்கு “எனக்குக் கொடுங்க”வைவிட “எனக்குத் தாங்க” இதமாத்தான் இருக்கும். குறிப்பில் இதைப் போடவேண்டாம், பிள்ளைங்க பயந்துரும்.

அதே நூல் கிளவியாக்கத்தில், ஒருத்தரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண முறை இல்லைன்னும் சொல்லியிருக்கு. ‘நீங்க’ போடுறது அன்னைக்கே பழகுமுறையாத்தான் பார்க்கப்பட்டது.

#9 ஆலங்குளத்தான்

‘ஆ’வுக்கு வாங்க, மார்க் விஷயம்தானே அதிகம் கெடுது.

“ஏன் கம்மியா போட்டிருக்கீங்க”ல ரெண்டு பிழை. ‘ஏன்’ வந்தாலே விசாரணை. ‘போட்டிருக்கீங்க’ன்னதும் எதிராளி அவர்தான்னு ஆயிடுச்சு. பட்டப்படிப்பில் பெரும்பாலும் 100க்கு 25 இன்டர்னல். அந்த 25க்குள்ள தேர்வு, அசைன்மென்ட், செமினார்னு துண்டு துண்டா இருக்கும், பிரிக்கிற விதம் கல்லூரிக்குக் கல்லூரி வேற. எந்தத் துண்டில் போச்சுன்னு தெரியாம மொத்தத்தைக் கேள்வி கேட்டா அவருக்கும் பதில் சொல்ல வழியில்லை.

கூட்டல் பிழைன்னா எண்ணை மட்டும் வையுங்க, குற்றத்தை வைக்காதீங்க:

“சார், நோட்டீஸ் போர்டு லிஸ்ட்ல என் பெயருக்கு நேரா 14ன்னு இருக்கு. திருத்தித் தந்த பேப்பர்ல 17. பேப்பரோட முதல் பக்கம் கீழ இருக்கு. நாளைக்கு ஸ்டாஃப் ரூமுக்குப் பேப்பரைக் கொண்டு வரலாமா?”

“நீங்க தப்பா ஏத்திட்டீங்க”ன்னு எங்கேயும் இல்லை. 14, 17 ரெண்டும் பக்கத்துல நின்னு அதுவே பேசுது. மதிப்பீட்டிலேயே குறைன்னு நினைச்சா வாட்ஸ்அப்பே வேண்டாம். “என் பேப்பர்ல எந்த இடத்துல குறைஞ்சிருக்குன்னு வந்து தெரிஞ்சுக்கலாமா சார்?” அவ்வளவுதான், மிச்சம் நேர்ல.

இதை வகுப்புக் குழுவில் மட்டும் போட்டுடாதீங்க. 60 பேர் முன்னால திருத்தம் சொன்னா, நீங்க சொன்னது சரின்னாலும் அவரால இறங்கிவர முடியாது.

#10 சுண்ணாம்புக்கட்டி

கூப்பிடுறதைப் பத்தி யாரும் சொல்லலை. ‘சார்’, ‘மேடம்’ எங்கேயும் செல்லும். தமிழ்த்துறையில் ‘ஐயா’, ‘அம்மா’. கிறித்தவக் கல்லூரிகளில் குருமாரா இருந்தா ‘ஃபாதர்’, கன்னியரா இருந்தா ‘சிஸ்டர்’; அங்க ‘சார்’னு கூப்பிட்டா தப்பில்லை, ஆனா புதுசுன்னு தெரிஞ்சுபோகும். ‘மிஸ்’ பள்ளிக்கூடத்தோட விடவேண்டியது. வயசு கம்மியான கௌரவ விரிவுரையாளர்களை ‘அண்ணா’, ‘அக்கா’ங்கிறது நிறைய நடக்குது. பிரியமாத்தான் கூப்பிடுறாங்க, ஆனா நிரந்தரப் பணியில் இருக்கிறவருக்கு ‘சார்’, இவருக்கு ‘அண்ணா’ன்னா அதுல இருக்கிற தராசு அவருக்குத் தெரியாமப் போகாது. ‘அண்ணாச்சி’ ஜங்ஷன்லயும் கடைவீதியிலும் பெரிய மரியாதை. ஸ்டாஃப் ரூமுக்கு வராது.

ஒரு மெசேஜில் ‘சார்’ ரெண்டு போதும், தொடக்கத்தில் ஒண்ணு, கேள்வியில் ஒண்ணு. “சார் நாளைக்கு சார் வரமுடியாது சார்” என்பது வாயால சொல்லும்போது தெரியாது, எழுத்தில் நெரிசல்.

‘நீங்க’வை விட்டுட்டு ஆளையே பெயரா வைக்கிற வழக்கமும் உண்டு: “மேடம் சொன்ன மாதிரி மாத்திட்டேன்”, “சாருக்கு எப்போ தோதுப்படும்?” கேட்க நல்லா இருக்கும். மூணாம் ஆளைப் பத்தி எழுதும்போது “ஹெச்ஓடி மேடம் சொன்னாங்க”, எழுத்து நடைன்னா “சொன்னார்”. பெண் ஆசிரியருக்கு “சொன்னாள்”னு எழுதுறது இலக்கணம் சரியா இருந்தும் கூடாது.

#11 கடைசிபெஞ்சு

எல்லாம் சரி. ராத்திரி 10.40க்கு குழுவில் “நாளை காலை 8 மணிக்கு அனைவரும் வரவேண்டும். வராதவர்களுக்கு இன்டர்னல் இல்லை”ன்னு ஒரு மெசேஜ் வரும். சங்கரன்கோவில், வள்ளியூர்ல இருந்து வாரவன் 5.30 பஸ்ஸைப் பிடிக்கணும், அவன் அதைப் பார்த்திருப்பானா? “என்னலே”ன்னு அங்கிருந்து வரலாம், இங்கிருந்து ‘லா’ கூடப் போகக்கூடாது. இதுக்கு ஏதாவது விகுதி இருக்கா?

#12 சுண்ணாம்புக்கட்டி

நியாயம். முதல் வகுப்பிலேயே ஆசிரியர் நாலு விஷயத்தைச் சொல்லிடணும்: எதுக்கு மெசேஜ், எதுக்கு நேர்ல, எத்தனை மணி வரைக்கும், பதில் வர எவ்வளவு நேரம் ஆகும். அதைச் சொல்லாம பிள்ளைகள் மேல குறைபடுறது சரியில்லை. மறுநாள் மாற்றத்தை முந்தின நாள் வகுப்பு விடுறதுக்குள்ள சொல்லணும். மாணவர் பக்கத்துக்குப் பொதுவா காலை 9 முதல் மாலை 6 வரை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பாளையங்கோட்டையில் நிறையப் பேர் காலையில் ஆராதனையில் இருப்பாங்க. வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை நேரம். கோயில் கொடை, தேர்த் திருவிழா நாள்ல பதில் வராட்டி கோவிச்சுக்கக் கூடாது.

‘லே’யைப் பொறுத்தவரை: வகுப்பில் வாய்மொழியா வந்தா அது வேற. எழுத்தில் ஆசிரியரும் ‘வாங்க, போங்க’ன்னு எழுதுறது நல்லது. அதே குரல் இல்லாத சிக்கல் அந்தப் பக்கமும் இருக்குல்லா.

#13 வினைமுற்று

ஒண்ணு சேர்க்கிறேன். இந்தச் சீமையில் யாரை ‘நீ’, யாரை ‘நீங்க’ங்கிறது ரொம்ப காலம் சாதியைப் பார்த்து முடிவான விஷயம். ‘சார்’, ‘மேடம்’ங்கிற ரெண்டு வெளிநாட்டுச் சொல்லுக்கு அந்தப் பழைய கணக்கு இல்லை. அதான் ‘ஐயா’வைவிட அதுவே சிலருக்கு நிம்மதி. ஆகவே ‘ஈ’ மாதிரியான “பணிவுடன் கேட்டுக்கொள்வது யாதெனில்” நடையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். அது மனு எழுதுற நடை. போதாக்குறைக்கு, மனு நடையில் தொடங்கி “லீவு வேணும் ப்ளீஸ்”னு முடிச்சா வேட்டிக்கு மேல டை கட்டின மாதிரி. லெட்டர்னா லெட்டராவே எழுதிக் கையில் கொடுக்கணும். மெசேஜ்னா பேச்சுக்குப் பக்கத்து நடை, விகுதி மட்டும் சுத்தமா.

#14 ஜங்ஷன்பஸ்

மழை லீவு. ஐப்பசி, கார்த்திகையில் “நாளைக்கு லீவா சார்?”னு ஒரே கேள்வி 60 பேர்கிட்ட இருந்து வரும். அறிவிக்கிறது மாவட்ட ஆட்சியர், ஆசிரியருக்கும் டிவியைப் பார்த்துத்தான் தெரியும். கேட்கவே வேண்டாம். கேட்கவேண்டியது வேற: தென்காசி மாவட்டத்துக்கு லீவு, திருநெல்வேலிக்கு இல்லை, மாணவர் தென்காசிப் பக்கம். அப்போ,

“சார், தென்காசி மாவட்டத்துக்கு இன்னைக்கு (14.11) லீவு அறிவிச்சிருக்காங்க, பஸ்ஸும் ஓடலை. இன்னைக்கு ரெக்கார்டுல சைன் வாங்கவேண்டிய நாள். அடுத்த வேலைநாள்ல வாங்கிக்கலாமா?”

தேதி முக்கியம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினப்போ நெல்லை, தூத்துக்குடி ரெண்டு மாவட்டத்திலும் பல ஊர்ல கரண்ட்டும் டவரும் போச்சு. அப்படிப்பட்ட நாள்ல அனுப்புறது ஒத்தை டிக்கோட நிக்கும், டவர் வந்த பிறகுதான் போய்ச் சேரும். “நாளைக்கு வரமாட்டேன்”ங்கிறதை ரெண்டு நாள் கழிச்சு வாசிக்கிறவருக்கு எந்த நாளைக்குன்னு தெரியாது. ‘நாளைக்கு’ன்னு எழுதினாலும் பக்கத்துல தேதி போடுங்க.

#15 ஆலங்குளத்தான்

அனுப்பின பிறகு தப்பு தெரிஞ்சா: 15 நிமிஷத்துக்குள்ள வாட்ஸ்அப்பில் திருத்தலாம், ‘திருத்தப்பட்டது’ன்னு சின்னதா காட்டும், அதனால ஒண்ணும் இல்லை. ‘எல்லாருக்கும் அழி’ போட்டா அழிச்ச அடையாளம் அங்கேயே நிக்கும், என்னமோ எழுதிட்டு அழிச்சிருக்கான்னு நினைப்பு போகும். எழுத்துப் பிழைன்னா விட்டுடலாம். தேதியோ பதிவெண்ணோ தப்புன்னா திருத்தணும்.

ஆங்கில எழுத்துல தமிழ் அடிக்கிறவங்களுக்கு: ‘varala’ன்னு அடிச்சா வரலையா, வரலாமான்னு குழப்பம். ‘podala’ன்னா ‘நான் போடலை’யா, ‘நீங்க போடலையா?’வா? கேள்விக்குறி இல்லாட்டி குற்றச்சாட்டு ஆயிடும். தமிழ் எழுத்துலயே அடிச்சா ‘ஆ’காரம் ஒண்ணு காப்பாத்தும்.

பதிலுக்கு “ஓகே”ன்னு மட்டும் போடாம “சரிங்க சார்”. ‘ம்’ கூடவே கூடாது. கட்டைவிரல் அவர் போடலாம், நாம போடுறதைவிட “பார்த்துட்டேன் சார்”. கைகூப்பு ஒண்ணு போதும், இதயம் வேண்டாம். குரல் பதிவு, அவரே கேட்டாலொழிய அனுப்பாதீங்க, வகுப்புக்கு நடுவுல யாரும் காதுல வச்சுக் கேட்க முடியாது.

#16 பொருநைக்கரை

பெரிய காரியம் ஒண்ணு மிச்சம்: பரிந்துரைக் கடிதம், ஆய்வு மாணவர்னா அத்தியாயம் பார்த்துத் தரச்சொல்றது.

கடிதத்துக்கு 10 நாளாவது முன்னாடி. முதல் மெசேஜில் கேள்வி மட்டும்: எதுக்கு, எங்கே, கடைசித் தேதி என்ன. சம்மதிச்ச பிறகு மதிப்பெண் பட்டியல், தன்விவரம், அவர்கிட்ட படிச்ச தாள், எடுத்த மதிப்பெண் எல்லாம் ஒரே ஃபைலா. இங்க ஆங்கிலத்தில் இருந்து எடுத்து எழுதுற ஒரு வரி கெடுக்கும்: “முடியலைன்னா பரவாயில்லை சார், வேற ஆளைப் பார்த்துக்கிறேன்.” ஆங்கிலத்தில் அது அவருக்கு வழி விடுறது, தமிழ்ல அது மொறைப்பு. “இந்த வாரம் தோதுப்படாதுன்னா சொல்லுங்க சார்”, அவ்வளவு போதும்.

நினைவூட்டல்: சாதாரண விஷயத்துக்கு ரெண்டு வேலைநாள், அத்தியாயத்துக்கு ரெண்டு வாரம். நீல டிக் விழுந்துருச்சேன்னு எழுதவே கூடாது, பார்த்தேன்ங்கிறது படிச்சேன் ஆகாது. பழைய மெசேஜை ‘ரிப்ளை’ பிடிச்சு, “சார், இதை ஒருதடவை நினைவுபடுத்தலாம்னு. 22ஆம் தேதி துறையில் சமர்ப்பிக்கணும்.” ‘நினைவுபடுத்தலாம்னு’ன்னு வாக்கியத்தைத் தொங்கல்ல விடுறது தமிழ்ல அழகான பணிவு, முடிச்சு வைக்கிற உரிமை அவருக்கே போயிடும். ரெண்டு தடவைக்கு மேல நேர்ல போய் நிக்கணும்.

#17 வகுப்பு_ரெப்

எல்லாத்தையும் சேர்த்து ஒரு பக்கத்துக்குள்ள அடக்கியாச்சு. ‘லா’வுக்குத் தனிப் பெட்டி, ‘விடு’வுக்குத் தனிப் பெட்டி, தொல்காப்பியம் இல்லை. ஆசிரியர்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி இங்க போடுறேன், குறை இருந்தா எல்லாரும் சீக்கிரம் சொல்லிருங்க.

#18 வினைமுற்று

சொல்லி-விடுங்களா?

#19 வகுப்பு_ரெப்

குறை இருந்தா சொல்றீங்களா?